தருக்கம் எப்போது சண்டையாயிற்று?

சென்ற மார்கழியில் ஒரு நாள் நண்பர்கள் நால்வர் இராசபாளையத்திலிருந்து திருவில்லிபுத்தூருக்குப் பேருந்தில் சென்றுகொண்டிருந்தோம். முன்னிருக்கையில் ஒரு பாட்டியும் பேரனும் அமர்ந்திருந்தனர். ஆண்டாளின் கையிலிருக்கும் கிளியைப் பற்றிப் பேச்சு. "இலையில செய்யிற கிளிடா கண்ணு, தினமும் புதுசாச் செய்வாங்க" என்றார் பாட்டி. "அப்ப நேத்து வச்ச கிளி?" என்றான் பையன். "யாராச்சும் பக்தருக்குக் குடுத்துருவாங்க." பையன் சற்று யோசித்தான். "தினமும் வேற கிளின்னா, ஆண்டாள் கிளின்னு எதைச் சொல்றது பாட்டி?" பாட்டி ஒரு கணம் திகைத்தார். பிறகு, "பெரியவங்ககிட்டத் தர்க்கம் பண்ணாத" என்று பேச்சை முடித்துவிட்டார்.

பேருந்தை விட்டு இறங்கிய பின்னும் அந்தப் பேச்சு எங்களை விடவில்லை. நாள்தோறும் மாறும் ஒன்றை ஒரே பெயரால் எப்படி அழைக்கிறோம் என்பது, பௌத்தரும் நையாயிகரும் பல நூற்றாண்டுகள் வாதிட்ட வினா. பத்து வயதுப் பையன் அதைத் தானாகவே கேட்டுவிட்டான். அதைவிட எங்களை உறுத்தியது பாட்டியின் சொல். தருக்கம் என்பது சரியாகச் சிந்திக்கும் கலைக்கு உரிய பெயர். நம் வீடுகளிலோ அது எதிர்த்துப் பேசுதல் என்றும், வீண் சண்டை என்றும் பொருள்படுகிறது. 'விதண்டாவாதம்' என்பதும் இப்படியே. அதுவும் நியாய நூலின் கலைச்சொல்; இன்று வசைச்சொல்.

கல்விக்கூடத்தில் வழங்கிய சொற்கள் வீதிக்கு வந்து வசையானது எவ்வாறு? தமிழகத்தில் தருக்கமும் தத்துவமும் கற்பிக்கப்பட்ட வரலாற்றை எங்கள் இரண்டு ஊர்களின் வழியாகப் பின்னோக்கிப் பார்த்தால் ஏதேனும் விடை கிடைக்குமா என்று தேடினோம். அத்தேடலில் கண்டவற்றையே இங்கே எழுதுகிறோம்.

பொற்கிழி தாழ்ந்த கதை

திருவில்லிபுத்தூரில் இப்பொருளைப் பேசத் தொடங்கினால் பெரியாழ்வாரிடந்தான் தொடங்க வேண்டும். குருபரம்பரை நூல்கள் கூறும் வரலாறு பலரும் அறிந்ததே. மதுரையை ஆண்ட வல்லபதேவன் என்னும் பாண்டியனுக்குப் பரம்பொருள் எது என்ற ஐயம் எழுகிறது. அமைச்சர் செல்வநம்பியின் சொற்படி, உண்மையை நிறுவுவோர்க்குப் பரிசாக ஒரு பொற்கிழி கம்பத்தில் கட்டித் தொங்கவிடப்படுகிறது. நந்தவனம் அமைத்துப் பூத்தொடுப்பதையே தொண்டாகக் கொண்ட விட்டுசித்தருக்கு, அவைக்குச் செல்லுமாறு கனவில் ஆணை கிடைக்கிறது. சாத்திரம் கல்லாத தாம் என்ன பேசுவது என்று அவர் தயங்குகிறார். ஆயினும் செல்கிறார், பேசுகிறார், கம்பம் தானே வளைந்து கிழி அவர்முன் தாழ்கிறது. பட்டர்பிரான் என்னும் பட்டத்துடன் யானைமீது அவர் உலா வருகையில் பிறந்ததே திருப்பல்லாண்டு என்பர். அப்பாசுரத்தில் திருக்கோட்டியூர்ச் செல்வன் குறிப்பிடப்படுவதும், அப்பாண்டியன் ஒன்பதாம் நூற்றாண்டின் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபனாகலாம் என்று அறிஞர் சிலர் கருதுவதும் இக்கதைக்குக் கிடைக்கும் வரலாற்றுப் பிடிமானங்கள்.

அடியார்க்கு இக்கதை தரும் நிறைவு தனி. வரலாறு படிப்போராகிய நம்மிடம் மட்டும் ஒரு வினா எஞ்சுகிறது. அந்த அவையில் எதிர்த்தரப்பினர் என்ன சொன்னார்கள்? விட்டுசித்தர் காட்டிய ஏதுக்கள் யாவை? வேதங்களிலிருந்து சான்று காட்டிப் பரத்துவத்தை நிறுவினார் என்பதற்கு மேல் மரபு விரித்துரைப்பதில்லை. முடிவு நினைவில் நின்றது; முடிவுக்கு வந்த வழி நின்றிலது. தீர்ப்புச் சொன்னது கம்பம்.

அவ்வெற்றிடத்தை நிரப்ப முனைந்தவர் ஓர் அரசர். எங்கள் குழுவில் இராசபாளையத்து நண்பர் ஒருவருக்கு வீட்டுமொழி தெலுங்கு. விசயநகரக் காலத்தில் தெலுங்கு நாட்டிலிருந்து வந்து குடியேறிய இராசு சமூகத்தினர் வளர்த்த ஊர் அது. அவர்தாம் கிருஷ்ணதேவராயரின் 'ஆமுக்தமால்யத'வை எங்களுக்குப் பொருள் சொல்லிக் காட்டினார். 1509 முதல் 1529 வரை ஆண்ட அப்பேரரசர், வில்லிபுத்தூரையும் விட்டுசித்தரையும் கோதையையும் பாடுவதற்காகவே அக்காவியத்தை இயற்றினார். அதில் விட்டுசித்தர் உண்மையிலேயே வாதிடுகிறார். பிற தத்துவ மரபுகளின் கொள்கைகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மறுக்கிறார். அவ்வாதங்கள் இராமாநுசருக்குப் பின் வளர்ந்த மரபினுடையவை. ஒன்பதாம் நூற்றாண்டுப் பூத்தொடுப்பவர் வாயில் அவற்றை வைப்பது காலவழு என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்வழுவே நமக்கு ஒன்றைக் கற்பிக்கிறது. எதிரியின் கொள்கையைச் சொல்லாமல் பெற்ற வெற்றி வெற்றியாகாது என்பது பதினாறாம் நூற்றாண்டில் ஓர் அரசருக்கும் தெரிந்திருந்தது. பிறர் கொள்கையைக் கூறுவது பரபக்கம், தன் கொள்கையை நிறுவுவது சுபக்கம். அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் இப்பெயர்களாலேயே இரு பகுதிகளாக அமைந்துள்ளது. முதலில் வருவது பரபக்கம் என்பதையும் வாசகர்கள் கருதுக.

வஞ்சியில் கேட்ட பாடம்

கம்பம் வளையாத ஒரு கதையும் தமிழில் உண்டு. மணிமேகலைக் காப்பியத்தின் முப்பது காதைகளுள் இருபத்தேழாவது, 'சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதை'. வஞ்சி மாநகரில் மணிமேகலை அளவைவாதி தொடங்கிப் பூதவாதி ஈறாகப் பதின்மரிடம் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டன், சாங்கியன், வைசேடிகன் ஆகியோர் இடையில் வருவர். கேட்பதற்காக அவள் பூண்டது ஆண் துறவியின் வடிவம். பெண்ணாகச் சென்றால் இவ்வாசிரியர்கள் அவளுக்குப் பாடம் சொல்லமாட்டார்கள் என்பது காப்பியம் வெளிப்படையாகத் தரும் செய்தி. யார்க்கு வகுப்பறைக் கதவு திறக்கும், யார்க்குத் திறவாது என்ற வழக்கு அவ்வளவு பழையது.

முதலில் பேசும் அளவைவாதியின் பாடம் இன்றைய பல்கலைக்கழகத்தின் முதல் வாரத்து வகுப்பைப் போன்றது. அறிவு எவ்வழிகளால் கிட்டுகிறது? காட்சி, கருதல், உவமம், ஆகமம் என அளவைகளை அவன் எண்ணுகிறான். வேதவியாதர்க்குப் பத்து, கிருதகோடிக்கு எட்டு, சைமினிக்கு ஆறு என ஆசிரியரிடையே உள்ள வேறுபாட்டையும் மறைக்காமல் சொல்கிறான். கருதல் மூவகைப்படும். காட்டில் பிளிறல் கேட்டு யானை உண்டென அறிதல் பொது. வெள்ளம் கண்டு மேலே மழை பெய்தது என அறிதல் எச்சம். கருமுகில் கண்டு மழை வரும் என அறிதல் முதல்.

இப்பகுதியைப் படித்தபோது இராசபாளையத்து நண்பர்கள் சிரித்துவிட்டார்கள். ஊரில் ஒரு துளி இல்லாத நாளிலும் அய்யனார் கோயில் ஆற்றில் தண்ணீர் கலங்கி வந்தால், "மேல மழை" என்று கரையில் துணி துவைப்போர் எழுந்து ஒதுங்குவார்கள். எச்சம் என்னும் கலைச்சொல்லை அவர்கள் அறியார். எச்சத்தால் உயிர் பிழைக்க அறிவர். நூலாசிரியர்கள் எடுத்துக்காட்டுகளைப் பொறுக்கிக்கொண்டது இத்தகைய ஆற்றங்கரைகளிலிருந்துதான் போலும்.

பெரும்பாலும் குறுக்கிடாமல் கேட்கும் மணிமேகலை, இறுதியில் வரும் பூதவாதியிடம் மட்டும் நகைத்து மறுக்கிறாள். கண்ணால் கண்டதே மெய், கருதல் அளவையாகாது என்பது அவன் கட்சி. அவ்வாறாயின் உன் தாய் தந்தையரை நீ எவ்வாறு அறிவாய் என்று அவள் கேட்கிறாள். தன் பிறப்பைத் தானே கண்டவர் எவருமில்லை. ஒற்றை வினாவில் எதிரியின் கொள்கை அவன்மீதே திரும்பிவிடுகிறது. வசையில்லை, உரத்த குரலில்லை. தருக்கம் கற்ற ஒருவர் எவ்வாறு மறுப்பார் என்பதற்குத் தமிழில் இதைவிடச் சுருக்கமான பாடத்தை நாங்கள் கண்டதில்லை.

முப்பத்து மூன்று போலிகள்

கேட்டல் இருபத்தேழாம் காதையில் முடிகிறது. முறையான பயிற்சி, காஞ்சியில் அறவண அடிகள் சொல்லும் இருபத்தொன்பதாம் காதையில் தொடங்குகிறது. அவர் கொள்ளும் அளவைகள் இரண்டே: காட்சியும் கருதலும். கருத்தைப் பிறர்க்கு நிறுவும் உறுப்புகள் ஐந்து: பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம். இம்மலை நெருப்புடைத்து என்பது பக்கம். புகையுடைமையால் என்பது ஏது. அடுக்களை போல என்பது திட்டாந்தம். இம்மலையும் அவ்வாறே புகையுடையது என்று பொருத்துவது உபநயம். ஆகவே நெருப்புடைத்து என்று முடிப்பது நிகமனம்.

இதன் பின்னரே காதையின் பெரும்பகுதி வருகிறது. அது சரியாக வாதிடும் வழியைக் காட்டிலும் தவறாக வாதிடும் வழிகளையே விரிக்கிறது. பக்கப்போலி ஒன்பது, ஏதுப்போலி பதினான்கு, திட்டாந்தப்போலி பத்து. ஆக முப்பத்து மூன்று. பார்த்தால் சரியென்று தோன்றி, ஆராய்ந்தால் பிழைபடுவது போலி. ஒலி செவிக்குப் புலப்படாது என்று ஒருவன் கூறினால் அது காட்சிக்கு மாறான போலி. என் தாய் மலடி என்றால் அது தன் சொல்லுக்கே மாறான போலி. வடமொழியில் சங்கரசுவாமியின் நியாயப்பிரவேசமும் இதே முப்பத்து மூன்றை வகுக்கிறது. திக்நாகர் காஞ்சியை அடுத்த ஊரில் பிறந்தவர் என்பது பௌத்த மரபு. எந்நூல் எந்நூலுக்கு முற்பட்டது என்பது பற்றி எஸ். கிருஷ்ணசாமி ஐயங்காரும் எஸ். குப்புசாமி சாத்திரியாரும் 1920களில் வேறுபட்ட கருத்துரைத்தனர். அவ்வழக்கு எவ்வாறாயினும், தருக்கப் பாடம் ஒன்று தமிழ் ஆசிரியப்பாவில் முழுமையாக எழுதப்பட்டது என்பதில் வழக்கில்லை.

கிரேக்க மரபின் முக்கூற்று முடிபோடு இதனை ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு கண்ணில் படும். மாந்தர் யாவரும் இறப்பவர், சாக்ரடீசு மாந்தர், ஆகவே இறப்பவர் என்பதில் எடுத்துக்காட்டுக்கு இடமில்லை. வடிவம் சரியாயின் முடிவு சரி. நம் ஐந்துறுப்பு முறையிலோ எடுத்துக்காட்டு இன்றியமையாதது. அதுவும் இருதரப்பாரும் ஒப்புக்கொண்டதாக இருத்தல் வேண்டும். எதிரே இருப்பவனும் அடுக்களையைக் கண்டவன். ஆகவே அங்கிருந்து தொடங்குவோம் என்பது அதன் நயம். வாதிடும் இருவர்க்கும் பொதுவான ஓர் இடம் தேவை என்ற எண்ணம் அம்முறையின் உள்ளேயே அமைந்திருக்கிறது. அந்தப் பொதுவிடமாக நூல்கள் தேர்ந்தது அடுக்களை. அவ்வடுக்களையில் நாள்தோறும் புகையையும் நெருப்பையும் சேர்ந்து கண்டவர்களுக்குத்தான் இப்பாடம் நெடுங்காலம் மறுக்கப்பட்டது.

உ. வே. சாமிநாதையர் 1898ஆம் ஆண்டு மணிமேகலையைப் பதிப்பித்தபோது பௌத்தக் கலைச்சொற்களைத் தெளியப் பட்ட பாடு சிறிதன்று. அவர்க்குப் பொருள் விளங்கத் துணைநின்றவர் கும்பகோணத்தில் உடன் பணியாற்றிய மளூர் ரங்காசாரியார். அவ்வாறு மீட்கப்பட்ட காதையை நாங்கள் எவ்வாறு கற்றோம்? எங்களுள் தமிழிலக்கியம் பயின்ற ஒருவரின் வகுப்பில், இருபத்தொன்பதாம் காதை தேர்வுக்கு வராது என்று கூறி ஆசிரியர் ஏடுகளைப் புரட்டிவிட்டாராம். ஆபுத்திரனும் அமுதசுரபியும் கேள்வித்தாளில் வந்தன. தருக்கம் வரவில்லை.

சாலையும் மடமும்

காப்பியத்தில் மட்டுமன்றி நிறுவனங்களிலும் இக்கல்வி இருந்ததா? கல்வெட்டுகள் சில விடைகளைத் தருகின்றன. முதலாம் இராசேந்திரன் (1014–1044) காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு, இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் 340 மாணவர்க்கு உணவளித்துக் கற்பித்த கல்லூரி ஒன்றைக் காட்டுகிறது. அவருள் 270 பேர் வேதங்களும் ரூபாவதார இலக்கணமும் பயிலும் இளையோர். 70 பேர் மேனிலை மாணவர். மேனிலையில் 25 பேர் வியாகரணமும், 10 பேர் வேதாந்தமும், 35 பேர் பிரபாகர மீமாஞ்சையும் பயின்றனர். சரிபாதியினர் பயின்ற மீமாஞ்சை, ஒரு வாக்கியத்தின் பொருளை எவ்விதிகளால் துணிவது என்று ஆராயும் துறை. சோழநாட்டு உயர்கல்வியில் வாதப் பயிற்சிக்கு இருந்த இடத்தை இவ்வெண்ணிக்கை சொல்கிறது. அக்கல்வி அந்தணச் சிறுவர்க்கே உரியதாயிருந்தது என்பதையும் அதே கல்வெட்டு சொல்கிறது.

மதுரை நாயக்கர் காலத்தில் இக்கல்விக்குக் கிடைக்கும் சான்று வெளிநாட்டார் ஒருவருடையது. இத்தாலியத் துறவி இராபர்ட் தெ நொபிலி 1610ஆம் ஆண்டு எழுதிய மடலில், மதுரையில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர் இருந்ததாகவும், இருநூறு முந்நூறு பேராகப் பிரிந்து ஆசிரியரிடம் பயின்றதாகவும் குறிக்கிறார். எண்ணிக்கை சற்று மிகையாயிருப்பினும் நகரின் கல்விச் சூழல் தெளிவாகிறது. திருவில்லிபுத்தூர் அன்று அந்நாயக்கர் ஆட்சியின்கீழ் இருந்த ஊர். திருமலை நாயக்கர் பெயரால் வழங்கும் அரண்மனை இன்றும் அங்குண்டு. நொபிலியோ வெறும் பார்வையாளராக நிற்கவில்லை. மறுபிறப்புக் கொள்கையை மறுத்துத் தமிழ் உரைநடையில் நூலெழுதினார். தமிழ் உரைநடை வாதத்துக்குப் பழகிய தொடக்கக் களங்களுள் அதுவும் ஒன்று.

தமிழிலேயே இக்கல்வியை நிலைநிறுத்தியவை சைவ மடங்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம் பன்னிரண்டு சூத்திரங்களை உடையது. ஒவ்வொன்றையும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்னும் அமைப்பில் நிறுவிச் செல்கிறது. நம்பு என்று சொல்லிவிட்டுப் போகாமல், ஏன் நம்ப வேண்டும் என்பதைச் சூத்திரந்தோறும் சொல்லக் கடமைப்பட்ட சமய நூல் அது. அதற்குப் பேருரை கண்ட சிவஞான முனிவர் எங்கள் ஊர்களுக்குத் தெற்கே, பொதிகையடி விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்து திருவாவடுதுறை ஆதீனத்தில் வாழ்ந்து 1785இல் மறைந்தவர். வடமொழியில் தொடக்க மாணவர் பயிலும் அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகத்தையும் அதன் உரையையும் அவர் தமிழாக்கினார். ஆகவே பதினெட்டாம் நூற்றாண்டிலேயே தருக்கவியலுக்கு ஒரு தமிழ்ப் பாடநூல் ஆயத்தமாயிருந்தது.

அதே முனிவர்தாம் 'இலக்கண விளக்கச் சூறாவளி' என்னும் கண்டன நூலையும் எழுதினார். பெயரே சூறாவளி! பயிற்சி பெற்ற தருக்கியும் சினந்து எழுதுவான் என்பதற்கு அது சான்று. அச்சு பரவிய பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்கண்டன மரபு ஓங்கியது. கற்றோர் அவைக்குள் நடந்த வாதம் துண்டறிக்கையாகத் தெருவுக்கு வந்தது. வள்ளலாரின் பாடல்களை முன்னிட்டு எழுந்த பூசல் 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. ஆறுமுக நாவலர் எழுதிய மறுப்பின் பெயர் 'போலியருட்பா மறுப்பு'. அறவண அடிகளின் வாயில் பிழைகளை வகைப்படுத்தும் கருவியாக இருந்த 'போலி', இங்கே எதிரியைச் சுட்டும் வசையாகிவிட்டதைக் கவனியுங்கள். தருக்கம் சண்டையான கதையில் இது ஒரு முக்கியமான திருப்பம் என்று நாங்கள் கருதுகிறோம்.

ஆங்கில வகுப்பறை

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபின் தருக்கம் புதிய வடிவில் வந்தது. மொழி ஆங்கிலம், நூல்கள் இங்கிலாந்தினுடையவை. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்த சர்வபள்ளி இராதாகிருட்டிணன், தாம் தத்துவத்தைத் தேர்ந்தது ஏறக்குறையத் தற்செயல் என்று பிற்காலத்தில் எழுதினார். படிப்பை முடித்த உறவினர் ஒருவர் ஸ்டௌட்டின் உளவியல், வெல்டனின் தருக்கவியல், மெக்கன்சியின் அறவியல் ஆகிய பாடநூல்களைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டார். புத்தகம் வாங்கும் செலவு மிச்சம் என்பதே அவர் தத்துவ வகுப்பில் சேரக் காரணம். 1909இல் அவர் மாநிலக் கல்லூரியில் தத்துவ ஆசிரியரானார். பல்கலைக்கழகத்தில் 1927இல் சூ. சூ. சூரியநாராயண சாத்திரியாரின் தலைமையில் தத்துவத்துறை அமைந்தது.

இந்திய மரபும் இவ்வகுப்பறையை எட்டிப் பார்த்தது. குப்புசாமி சாத்திரியார் மாணவர்க்கென 1932இல் இந்தியத் தருக்கவியல் முதல்நூல் ஒன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அது எந்நூலை அடியொற்றியது தெரியுமா? அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகம். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே சிவஞான முனிவர் தமிழில் தந்த அதே நூல்! தத்துவப் பேராசிரியரான அ. சக்கரவர்த்தி நயினார், சமணத் துறவியான ஒரு பெண் பிற சமயத்தாரை வாதில் வெல்லும் நீலகேசியை 1936இல் உரையுடன் பதிப்பித்தார். இரண்டு உலகங்களும் அருகருகே இருந்தன. கதவு சில அறிஞர்க்கு மட்டும் திறந்திருந்தது.

பல்கலைக்கழகம் ஆங்கிலத்தில் அளவை கற்பித்துக்கொண்டிருந்த ஆண்டுகளில், அதற்கு வெளியே தமிழ் மேடை தன் போக்கில் பகுத்தறிவு பேசியது. பகத்சிங் சிறையில் எழுதிய நாத்திகக் கட்டுரையை ப. ஜீவானந்தம் தமிழாக்க, அது 1935இல் ஈரோட்டிலிருந்து வெளிவந்தது. கல்லூரி வாயிலை மிதியாத பல்லாயிரவர்க்கு நம்பிக்கையை வினவும் துணிவை அளித்தவை அம்மேடைகளும் அக்குறுநூல்களுமே. ஆனால் மேடை வினவக் கற்பித்த அளவுக்குப் பிறரைக் கேட்கக் கற்பித்தது என்று சொல்வதற்கில்லை. அது மேடையின் இயல்பு.

1950களில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கல்லூரிப் படிப்புக்கு மதுரைக்கோ பாளையங்கோட்டைக்கோ விருதுநகருக்கோ சென்றனர். மதுரைப் பல்கலைக்கழகம் 1966இலும், இராசபாளையம் இராசுக்கள் கல்லூரி 1973இலும் தோன்றின. அக்காலப் புகுமுக வகுப்பில் தருக்கவியல் விருப்பப் பாடங்களுள் ஒன்று. அப்பாடம் பயின்ற முதியவர் ஒருவர் திருவில்லிபுத்தூரில் எங்களுக்கு அறிமுகமானவர். முக்கூற்று முடிபின் செல்லுபடியாகும் வடிவங்களை நினைவில் வைக்க இடைக்கால ஐரோப்பியர் கட்டிய இலத்தீன் வாய்பாட்டை, எண்பது வயதிலும் "பார்பரா, செலாரெண்ட், தாரீ, பெரியோ" என்று பாசுரம்போல் ஒப்பித்துக் காட்டினார். மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையை நாங்கள் படித்துக் காட்டியபோது நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "இது நம்ம பாஷையிலயே இருந்துச்சா? எனக்கு யாரும் சொல்லலையே" என்றார். அவர் குரலில் இருந்தது வியப்பா வருத்தமா என்று எங்களால் பிரித்தறிய முடியவில்லை.

கலைப்பாடங்களைத் தமிழில் கற்பிக்கும் முயற்சி 1960இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் தொடங்கியது. 1978இல் மேனிலைக் கல்வி வந்தபோது புகுமுக வகுப்பு மறைந்தது. பின்னர் பொறியியலும் வணிகவியலும் கணினியும் மாணவரை ஈர்த்தன. தத்துவம் படித்தால் வேலை என்ன என்ற வினாவுக்கு விடை கூறக் கல்லூரிகளும் பெரிதும் முனையவில்லை. கடலுக்கு அப்பால் நிலை வேறு. இலங்கையில் உயர்தர வகுப்பு மாணவர் 'அளவையியலும் விஞ்ஞானமுறையும்' என்னும் பாடத்தைத் தமிழிலேயே பயின்று தேர்வெழுதுகின்றனர். அளவை என்ற சொல் அங்கே வகுப்பறைச் சொல்லாகவே வாழ்கிறது. தமிழில் இயலாது என்ற பேச்சுக்கு இதற்குமேல் மறுமொழி வேண்டியதில்லை.

வாதம், செற்பம், விதண்டை

நியாய நூலார் உரையாடலை மூன்றாகப் பகுப்பர். இருவரும் உண்மையை அறியும் பொருட்டுப் பேசுவது வாதம். வெல்லும் பொருட்டுப் பேசுவது செற்பம். தனக்கெனக் கட்சி ஏதுமின்றி மற்றவன் கட்சியைக் குலைக்க மட்டும் பேசுவது விதண்டை. மூன்றிலும் சொற்கள் ஒன்றே, உறுப்புகள் ஒன்றே. நோக்கம் மட்டுமே வேறு. அந்நோக்கத்தை நூல் கற்பிக்க இயலாது. ஆசிரியரும் மாணவரும் எதிரெதிரே அமர்ந்து, எதிர்க்கட்சியை அதன் முழு வலிமையோடு எடுத்துரைத்துப் பழகிய பின்னரே அது கைவரும். உரையாசிரியன் ஏதுவும் எடுத்துக்காட்டும் தருவதோடு மறுதலை வினாவையும் எழுப்பி விடைகூற வேண்டும் என்று தொல்காப்பிய மரபியலும் விதிப்பது இது கருதியே.

பொற்கிழி தொங்கும் இடத்தில் வாதம் செற்பமாவது இயல்பு. அச்சும் நீதிமன்றமும் வந்தபோது அது மேலும் விரைந்தது. வாதத்தைப் பழக்கிய வகுப்பறையோ முதலில் பலருக்கு மூடியிருந்தது. பின்னர் அயல்மொழியில் திறந்தது. திறந்த சில தலைமுறைகளிலேயே ஆளில்லாமல் போயிற்று. எஞ்சியவை செற்பமும் விதண்டையுமே. நம் வீடுகளில் தருக்கம் என்றால் சண்டை என்றானதற்குப் பாட்டியைக் குறை சொல்வது எவ்வாறு? அவர் வாழ்நாளில் கண்ட தருக்கம் அதுவொன்றுதான். கோயிலில் கிளியைக் கண்டு கைகூப்பும் அவருடைய அன்புக்குப் பேரனின் வினா எவ்வகையிலும் பகையன்று. மெய்கண்டார் மரபில் அன்பும் ஏதுவும் ஒரே சூத்திரத்தில் உடனிருந்தன அல்லவா?

மாலையில் வடபத்திரசாயி கோயிலின் பதினொரு நிலைக் கோபுரத்தடியில் அப்பாட்டியையும் பேரனையும் மீண்டும் கண்டோம். எங்களுள் ஆசிரியராக இருக்கும் நண்பர் அருகே சென்று, "தம்பி, வைகையாத்துலயும் தினமும் வேற தண்ணிதானே ஓடுது? அதை மட்டும் எப்படி ஒரே ஆறுன்னு சொல்றோம்?" என்று கேட்டார். பையன் கோபுரத்தைப் பார்த்தான்; எங்களைப் பார்த்தான். "ஆத்துல எப்பவும் தண்ணி ஓடாதே சார், மணல்தான் இருக்கும்" என்றான்.

திட்டாந்தம் பிழைத்துவிட்டது. இருதரப்பாரும் ஒப்புக்கொண்ட எடுத்துக்காட்டாக இருத்தல் வேண்டும் என்ற விதியை நாங்களே மறந்திருந்தோம். பாட்டிதான் முதலில் சிரித்தார். பிறகு, "ஏன்டா, நம்ம தெருவுல தினமும் போடுற கோலத்தைச் சொல்லேன்" என்றார் பேரனிடம். நாங்கள் பேசாமல் கேட்டுக்கொண்டு நின்றோம்.